ஞாயித்துக்கெழம மட்டும் சாப்புட்ட சடையன்

சோத்த முன்னாடி வெச்சா எந்த நாயும் தின்னுதான் தீரும்ங்கறியா? தீராது! சடையன் தின்னல. ஆறு நாளும் தட்ட மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குவான். ஏழாவது நாள் ஞாயித்துக்கெழம. அன்னிக்கு மட்டும் தட்டே தேஞ்சு போற மாதிரி நக்குவான். நாய்க்குக் காலண்டர் பாக்கத் தெரியுமான்னு சிரிக்காத. மொதல்ல கேளு.

சடையன் கெடை நாய். கெடைன்னா என்னன்னு தெரியுமா? அறுப்பு முடிஞ்ச வயல்ல ஆட்டு மந்தைய ராத்திரிக்கு மடக்கி வெப்பாங்க. ஆட்டுப் புழுக்க அந்த வயலுக்கு எரு. இன்னிக்கு ஒரு வயல், நாலு நாள் கழிச்சு இன்னொரு வயல். அப்படி மந்தைய ஓட்டிக்கிட்டே ஊர் ஊராப் போறவர கீதாரின்னு சொல்லுவாங்க. ராமநாதபுரத்துப் பக்கம் ஆண்டிச்சாமின்னு ஒரு கீதாரி இருந்தாரு. அவருகிட்டதான் சடையன் பொறந்து வளந்தான். ஒடம்பு பூரா மயிரு சடசடையாத் தொங்கும், அதான் அந்தப் பேரு.

அந்த ஆண்டிச்சாமி ஒரு வேடிக்கையான மனுசன். கைக்கடிகாரத்தக் கையில கட்ட மாட்டாரு. கொடக் காம்புல கட்டியிருப்பாரு. மணி என்னன்னு கேட்டா கொடைய விரிச்சுப் பாத்துச் சொல்லுவாரு. மழ பெஞ்சா நனைஞ்சிடும்னு கொடைய மடக்கிச் சட்டைக்குள்ள வெச்சுக்குவாரு. கொட எதுக்கு இருக்குன்னு கேக்கறியா? மணி பாக்கத்தான்!

எங்க விட்டேன்? ஆங், சடையன்.

ஆண்டிச்சாமி ஒரு நாள் செத்துப் போனாரு. சொந்தக்காரங்க ஆட்டையெல்லாம் வித்துட்டாங்க. அவரு மகன் வேலாயுதம் சென்னையில அச்சாபீஸ்ல வேல. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன், வெறும் வயல்ல சடையன் ஒத்தையாப் படுத்துக் கெடக்கறதப் பாத்தான். மனசு கேக்கல. வேன்ல ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டான்.

அயனாவரத்துல மூணாவது மாடி. ரெண்டு ரூமு, ஒரு பால்கனி. வேலாயுதம், அவன் பொண்டாட்டி பூங்கோத, எட்டு வயசு மக யாழினி. பூங்கோத ஆஸ்பத்திரில நர்ஸு. வாரத்துல ஆறு நாள் நைட் டியூட்டி. சாயங்காலம் ஆறரைக்கு வண்டிய எடுத்தான்னா காலைல எட்டு மணிக்குத்தான் வருவா. ஞாயித்துக்கெழம ஒரு நாள் லீவு. மூணு பேரும் நல்ல மனசுக்காரங்க. அதுல குத்தம் சொல்ல முடியாது.

ஆனா சடையன் சாப்புட மாட்டேங்கறான். மத்தியானம் ஊத்தற கஞ்சித் தண்ணிய நக்குவான். அதுல உசுரு ஓடுச்சு. சாயங்காலம் வெக்கற சோத்தத் தொட மாட்டான்.

பால்கனில ஏ.சி. பொட்டிக்கு மேல ரெண்டு புறா குடியிருந்துச்சு, புருசனும் பொண்டாட்டியும். பொண்டாட்டிப் புறாவுக்கு எல்லாரு வெவகாரமும் தெரிஞ்சாகணும்.

"தம்பி! என்ன தம்பி, மூஞ்சியே சரியில்ல?"

"ஒண்ணுமில்லக்கா."

"பட்டணம் புடிக்கல, அதான? எனக்குத் தெரியும்! பட்டணத்துல சந்தோஷமா இருக்கணும்னா ஒரே வழி, நல்ல அரிசியாப் பொறுக்கித் திங்கணும். இந்தா, ரேஷன் கட வாசல்ல பொறுக்குனது. பச்சரிசி!"

நாலு அரிசிய சடையன் மூக்குக்கு முன்னாடி வெச்சுது. சடையன் தும்முனான். நாலும் பறந்துடுச்சு.

"ஏண்டி, நாய் அரிசி திங்குமாடி?"ன்னுச்சு புருசன் புறா.

"நீங்க பேசாம இருங்க! நான் நல்லது பண்ணா உங்களுக்குப் பொறுக்காது!"

அந்தப் பொண்டாட்டிப் புறா இருக்கே, அது கூடு கட்டுன கதைய சொன்னா நீ நம்ப மாட்ட. குச்சியே கெடைக்கலன்னு தொடப்பத்துலேருந்து ஒண்ணு ஒண்ணா ஈர்க்க உருவுச்சு. கடைசில பூங்கோத பெருக்கறதுக்குக் கையில எடுத்தா, வெறும் கட்டுக் கயிறுதான் இருக்கு! சரி, அத விடு.

ரெண்டாவது மாடில ஒரு பூன. பேரு கொழுக்கட்ட. பேருக்கேத்த ஒடம்பு. சாயங்காலம் ஆனா சன்ஷேடு வழியா ஏறி மேல வரும். அது சடையனையும் பாத்துச்சு, சடையன் தட்டையும் பாத்துச்சு. தட்டதான் ரொம்ப நேரம் பாத்துச்சு.

"மாப்ள! சாப்புடலியா?"

"இப்ப வேணாம்."

"சாப்புடலன்னா திட்டுவாங்களே மாப்ள. ஊசி போடுவாங்க. பட்டணத்து ஊசி எவ்ளோ பெருசு தெரியுமா? உன் வால் நீளம்!"

சடையன் பயந்துட்டான். "என்ன பண்றது?"

"நான் எதுக்கு இருக்கேன்? தட்ட நான் காலி பண்ணிடறேன். நீ தின்னுட்டன்னு நெனச்சுக்குவாங்க. சிநேகிதனுக்கு இதுகூட செய்ய மாட்டனா! பட்டணத்துல சந்தோஷமா இருக்கறது எப்படின்னு கேளு, பதினெட்டு மணி நேரம் தூங்கணும். மீதி நேரத்துல சோம்பல் முறிக்கணும். அவ்ளோதான் சூட்சுமம்."

சொல்லிக்கிட்டே தட்ட வழிச்சு நக்கிடுச்சு. மறுநாளும் வந்துச்சு. அதுக்கு மறுநாளும். ரெண்டு மாசம் வந்துச்சு.

இந்த ரெண்டு மாசமும் வேலாயுதத்துக்கு ஒண்ணும் புரியல. தட்டு பளபளன்னு காலியா இருக்கு. நாய் துரும்பா எளைக்குது. தூக்கிக்கிட்டு நாய் டாக்டருகிட்ட ஓடுனான். அவரு வயத்த அமுக்கிப் பாத்தாரு. "வயத்துல பூச்சி. சாப்புடறதையெல்லாம் அதுங்க தின்னுடுது"ன்னு மாத்தர குடுத்தாரு. மாத்தரைய வாழப்பழத்துக்குள்ள வெச்சு வாயில திணிச்சாங்க. பூச்சி எங்க இருக்கு? அது ரெண்டாவது மாடில படுத்துக் கொறட்ட விட்டுக்கிட்டு இருக்கு!

யாழினி தன் பங்குக்குக் கழுத்துல செவப்பு ரிப்பன் கட்டுனா. பூங்கோத, ஊர் ஞாபகமா இருக்கும்னு கேவுரு கூழு காய்ச்சுனா. வேலாயுதம் மெத்த வாங்குனான், பந்து வாங்குனான். ஒரு நாள் செல்போன்ல ஆட்டு மந்த வீடியோ போட்டுக் காட்டுனான். சடையனுக்குக் காது ரெண்டும் நட்டுக்கிச்சு. எந்திரிச்சுப் போயி செல்போனுக்குப் பின்னாடி எட்டிப் பாத்தான். ஆடு ஒண்ணையும் காணோம். வந்து படுத்துக்கிட்டான்.

ஒரு நாள் யாழினி டியூஷன்லேருந்து சீக்கிரமா வந்துட்டா. பால்கனி கதவத் தொறந்தா, தட்டுக்குள்ள கொழுக்கட்டையோட தல!

"அப்பா! கொழுக்கட்ட சடையனோடத திங்குதுப்பா!"

பூன ஒரே பாய்ச்சல்ல ஓடிடுச்சு. அப்பறந்தான் வேலாயுதம் உக்காந்து யோசிச்சான். அப்ப நாய் திங்கவே இல்லியா? ஞாயித்துக்கெழம மட்டும் நம்ம கண்ணு முன்னாடியே திங்குதே? ஞாயித்துக்கெழம நம்ம வீட்ல என்ன? கறிக் கொழம்பு! கண்டுபுடிச்சிட்டேன்னு தொடையில தட்டிக்கிட்டான். ஞாயித்துக்கெழம தாண்டுனதும் கறிக்கடைலேருந்து எலும்பு வந்துச்சு. திங்கக்கெழம எலும்பு, செவ்வாக்கெழம எலும்பு. தெரு பூரா வாசன. சடையன் எச்சில முழுங்கிக்கிட்டு வாசக் கதவப் பாத்துப் படுத்திருந்தான். எலும்பத் தொடல.

அன்னிக்குச் சாயங்காலம் பூங்கோத கெளம்பறப்ப வேலாயுதம் சொன்னான்.

"பூங்கோத, திருவள்ளூர்ப் பக்கம் கோழிப்பண்ண வெச்சிருக்காரே ஒருத்தர், அவரு ஒரு நாய் கேட்டாரு. குடுத்துடலாம்."

"ஏங்க, மாமா வளத்த நாயிங்க!"

"அதனாலதான் சொல்றேன். நம்ம வீட்ல பட்டினி கெடந்து செத்தா அப்பா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? அங்க எடம் இருக்கு, காத்து இருக்கு. நம்மதான் இத இந்த டப்பாக்குள்ள கொண்டாந்து அடச்சிட்டோம். வெள்ளிக்கெழம காலைல வண்டி அனுப்பறேன்னாரு."

பூங்கோத சடையன் தலைய ஒரு தடவ தடவிட்டு எறங்கிப் போனா.

புறா இதக் கேட்டுச்சு. உள்ள ஓடி வந்து சொல்லுச்சு.

"தம்பி! அந்தப் பண்ண எனக்குத் தெரியும் தம்பி! என் நாத்தனா அங்கதான் தீவனம் பொறுக்குது. அங்க நாயக் கட்டிப் போட்டுத்தான் வெப்பாங்க. நாலு மொழம் சங்கிலி! மூத்தரம் பேயறதும் அங்கதான், சோறும் அங்கதான்!"

சடையன் பொறந்ததுலேருந்து கழுத்துல சங்கிலி ஏறுனதே இல்ல. "அப்ப நான் என்னக்கா பண்ணணும்?"

"தின்னு தம்பி! அந்த எலும்பத் தின்னுட்டா அனுப்ப மாட்டாங்க!"

சடையன் எந்திரிச்சு தட்டுகிட்ட போனான். குனிஞ்சான். நாக்கு வெளிய வந்துச்சு. அப்படியே நின்னான். திரும்பி வந்து கதவப் பாத்துப் படுத்துட்டான்.

"முடியலக்கா."

புறாவுக்குக் கோவம் வந்துடுச்சு. "நல்லது சொன்னாக் கேக்க மாட்டியா! போ, சங்கிலில கெட!"ன்னு பறந்து போயிடுச்சு.

புதன்கெழம காலைல பூங்கோத டியூட்டி முடிச்சு வந்தா. தூங்காத கண்ணோட சடையனக் கீழ கூட்டிட்டுப் போனா. கேட்டு வாசல்ல யாரோ தெரிஞ்சவங்க புடிச்சுக்கிட்டாங்க, நின்னு பேசிட்டு இருந்தா. அந்தத் தெருவுக்கு ஒரு நாய் உண்டு. பேரு மூளி. ஒரு காது கிழிஞ்சு தொங்கும். வாயும் கொஞ்சம் நீளம். அவ எதிர்ல வந்து நின்னா.

"வாடா பட்டிக்காட்டு ராசா! நடந்து வர்றியா, இல்ல காத்து தள்ளிக்கிட்டு வருதா?"

சடையன் தலைய நிமித்தல. "பசிக்குதுக்கா."

"பசிக்குதா! ரெண்டு நாளா எலும்பு வாசன மூணு மாடி எறங்கி வந்து என் மூக்கப் புடிச்சு இழுக்குது. உனக்கு மூக்குக்குக் கீழயே கெடக்கு! ஏன்டா திங்கல?"

பாரு, ரெண்டு மாசத்துல இந்த ஒரு கேள்விய ஒருத்தரும் கேக்கல! சடையன் இப்ப தலைய நிமித்துனான். அப்பறம் சொன்னான்.

"எல்லாரும் இன்னும் உள்ள வந்து சேரலியே அக்கா! எப்படித் திங்கறது?"

"என்னடா உளர்ற?"

"கெடைல அதான் வழக்கம். பொழுது சாய ஆடு பூரா உள்ள வரணும். கீதாரி ஒண்ணு ஒண்ணாப் பாப்பாரு. கடைசி ஆடு வந்ததும் என்னப் பாத்து 'சேந்தாச்சுடா'ம்பாரு. நான் ஒரு தடவ கொலைப்பேன். அப்பறம்தான் அவரும் சாப்புடுவாரு, நானும் சாப்புடுவேன்."

"ஒரு நாளாவது முன்னாடியே தின்னதில்லியா?"

சடையன் காதத் தொங்கப் போட்டான். "ஒரே ஒரு நாள் தின்னேன். குட்டியா இருந்தேன், பசி பொறுக்கல. நான் தட்டுக்குள்ள தலைய விட்ட நேரம் நெத்தில வெள்ளையா ஒரு குட்டி, பின்னாடி தங்கிடுச்சு. நரி தூக்கிட்டுப் போயிடுச்சு. கீதாரி என்ன அடிக்கல அக்கா. அன்னிக்கு அவரு சாப்புடாம படுத்துட்டாரு. அதுக்கு அடிச்சிருக்கலாம்."

மூளி கிட்ட வந்து அவன் மோவாய ஒரு தடவ நக்குனா. அவ யாரையும் நக்குனது அபூர்வம்.

"இந்த வீட்ல மூணு பேரு. பொழுது சாயற நேரத்துலதான் இந்த அம்மா வெளிய போகுது. ரெண்டு பேருதான் உள்ள. ஒண்ணு கொறயுது. நான் எப்படித் திங்கறது?"

"அப்ப ஞாயித்துக்கெழம?"

"அன்னிக்கு மூணும் உள்ள இருக்கு!"

"அட மடப் பயலே! அவ தொலஞ்சா போறா? ஆஸ்பத்திரிக்குப் போறாடா!"

"போறது எனக்கும் தெரியும். போய்ச் சேந்துச்சா இல்லியான்னு யாரு சொல்றது? நடுவுல எத்தன ரோடு! எத்தன லாரி! எங்க ஊரு நரி ஒரு குட்டியத்தான் தூக்கும். இந்த ஊரு லாரி ஆளையே தூக்கிடும் போல இருக்கு!"

மூளியோட ரெண்டு குட்டிங்க லாரில அடிபட்டுத்தான் போச்சு. அவ தரையக் கால்ல பறிச்சா.

"இந்தா, ஒண்ணு கேக்கறேன். ஆட்டு மந்தைய ரெண்டாப் பிரிச்சு ரெண்டு வயல்ல மடக்குனா என்னடா பண்ணுவீங்க?"

"அதுக்கென்ன? அந்த வயல்ல இருக்கற நாய் கொலைக்கும், 'இங்க சேந்தாச்சு'ன்னு. அது காதுல விழுந்தாப் போதும். நான் சாப்புட்டுடுவேன்."

"இவ்ளோதானா!"ன்னு குதிச்சா மூளி. "ஆஸ்பத்திரி வாசல்ல ஊசின்னு ஒரு பய இருக்கான்டா! பூங்கோத வண்டி உள்ள நொழஞ்சா அவன் கொலைக்கட்டும்! நடுவுல ஆறு தெரு, ஆறு நாய். ஒருத்தன் கொரல அடுத்தவன் வாங்கித் தள்ளட்டும். கடைசில நான் வாங்கி உனக்குச் சொல்றேன். நாளைக்குச் சாயங்காலம் காதத் தீட்டிக்கிட்டு பால்கனில நில்லு!"

பூங்கோத கயித்த இழுத்தா. சடையன் ரெண்டு மாசத்துல மொத தடவையா வால ஆட்டிக்கிட்டுப் படியேறுனான்.

சொல்றது சுலபம். ஆறு நாய ஒத்துக்க வெக்கறது லேசா? அஞ்சு பேரு தலையாட்டிட்டாங்க. ஆறாவது ஆளு, பக்கத்துத் தெரு கட்டவாலு. மீன் மார்க்கெட் தெரு அவனோடது. மூளியோட காத மூளியாக்குனது கட்டவாலு. கட்டவாலோட வால கட்டையாக்குனது மூளி. எதுக்குச் சண்டன்னு நெனக்கற? ஒரு பரோட்டாப் பொட்டலம்! ரெண்டும் உருண்டு பொரண்டு ரத்தம் வழிய நின்னு, பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தா, உள்ள வெறும் வெங்காயம். பரோட்டாவ வாங்குனவன் தின்னுட்டு வெங்காயத்த மட்டும் மடிச்சுப் போட்டிருக்கான்! அன்னிலேருந்து ரெண்டு தெருவுக்கும் நடுவுல இருக்கற சாக்கடை மூடிதான் எல்ல. தாண்டுனா கடி.

மூளி மூடிக்கு இந்தப் பக்கம் நின்னு விஷயத்தச் சொன்னா.

"உன் பேச்ச நான் ஏன்டி கேக்கணும்?"ன்னான் கட்டவாலு.

"கேக்காத. நானே மத்தவங்ககிட்ட சொன்னேன், கட்டவாலுகிட்ட போக வேணாம்னு."

"ஏனாம்?"

"வயசாயிடுச்சு, பாவம். கொரலு சாக்கடை மூடியத் தாண்டாதுன்னு ஊசி சொன்னான்."

"ஊசியா சொன்னான்?"

"நான் சொல்லலப்பா. எல்லாரும் சொல்றாங்க. அவன் கொலைச்சா எலி கத்தற மாதிரி இருக்குன்னு."

"எவன்டா அவன்!"ன்னு கட்டவாலு ஒரு கொல கொலைச்சான் பாரு, மார்க்கெட்ல மீன் வெட்டிக்கிட்டு இருந்த அம்மா கத்தியக் கீழ போட்டுட்டா. "நாளைக்குச் சாயங்காலம் கேளுடி! உன் மிச்சம் இருக்கற காதும் கிழிஞ்சு போவும்!"

"பாக்கலாம், பாக்கலாம்"னு மூளி சிரிச்சுக்கிட்டே வந்துட்டா. ஊசி அப்படி ஒண்ணும் சொல்லல. அவன் ரொம்ப சாது.

வியாழக்கெழம சாயங்காலம். பூங்கோத ஆறரைக்கு எறங்குனா. சடையன் பால்கனிக் கம்பில மூக்க வெச்சுக்கிட்டு நின்னான். பின்னாடி தட்டுல கேவுரு களியும் எலும்பும். ஏ.சி. பொட்டி மேல ரெண்டு புறாவும். சன்ஷேடுல கொழுக்கட்ட, "இன்னிக்கும் அவன் திங்க மாட்டான்"னு நாக்கால மீசையத் தொடச்சுக்கிட்டு. உள்ள வேலாயுதம் போன்ல பேசறான்.

"ஆமாண்ணே, காலைல ஆறு மணிக்கே வண்டிய அனுப்பிடுங்க. பொண்ணு தூங்கறப்பவே ஏத்திடலாம். பாத்தா அழுவா."

ஏழு மணி. தூரத்துல, ரொம்ப தூரத்துல, நூல் மாதிரி ஒரு சத்தம். சடையன் காது எந்திரிச்சுது. ஊசி! அடுத்தது கொஞ்சம் கிட்ட. அதுக்கடுத்தது இன்னும் கிட்ட. சேதி வருது, ஆனா இன்னும் பாதி வழிலதான் இருக்கு. அவ்ளோ தூரத்துலேருந்து அது 'சேந்தாச்சு'தானான்னு வெளங்கல. கடைசித் தெருவத் தாண்டி மூளி சொன்னாத்தான் சேதி.

அந்த நேரம் பாத்து, மறுநாள் ஆடி வெள்ளி இல்லியா, மீன் மார்க்கெட் தெரு அம்மன் கோயில்ல ஸ்பீக்கர் கட்டுனாங்க. "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ"ன்னான் ஒருத்தன். அடுத்த நிமிஷம் நாதஸ்வரம் கெளம்புச்சு பாரு! சன்னல் கண்ணாடியெல்லாம் ஆடுது. கட்டவாலு தொண்ட கிழியக் கொலைக்கறான். அவன் காதுக்கே அவன் சத்தம் கேக்கல.

கீழ மூளி எல்லயில நின்னு காதத் திருப்பித் திருப்பிப் பாக்கறா. ஒண்ணும் இல்ல. தல நிமித்தி மூணாவது மாடியப் பாத்தா. சடையன் அங்கேருந்து அவளப் பாத்தான்.

"சேந்துச்சா அக்கா?"

அவ 'சேந்தாச்சு'ன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. சேந்தாளா இல்லியான்னு அவளுக்கே தெரியாதே! லாரி ஓடற ரோட்டப் பத்தி அவ பொய் சொல்ல மாட்டா. தலையக் குனிஞ்சுக்கிட்டா.

சடையன் கம்பிய விட்டு மெதுவாத் திரும்புனான். கொழுக்கட்ட ஒரு கால எடுத்து உள்ள வெச்சுது.

அப்பதான் புருசன் புறா கத்துச்சு. "அங்க பாருடி!"

மீன் மார்க்கெட் தெருலேருந்து ஒரு உருவம் ஓடி வருது. கட்ட வால். நாக்கு பக்கத்துல தொங்குது. சாக்கடை மூடிகிட்ட வந்தான். நிக்கல. தாண்டிட்டான்! மூணு வருசத்துல ஒரு நாயும் தாண்டாத எல்ல. மூளிக்கு முதுகு மயிரு பூரா நட்டுக்கிச்சு. பல்லு வெளிய வந்துடுச்சு.

"கடிக்கறதுன்னா அப்பறம் கடிடி! சேதிய மொதல்ல வாங்கிக்க!"ன்னு மூச்சு வாங்கக் கத்துனான் கட்டவாலு. "உங்காளு சேந்துட்டா! வண்டிய நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குள்ள போனத ஊசி கண்ணால பாத்திருக்கான்! என் கொரலு எட்டலன்னு எவனாவது சொன்னான், பாத்துக்க! அந்த ஸ்பீக்கர்தான் எட்ட விடல!"

மூளி பல்ல உள்ள இழுத்துக்கிட்டா. வழிய விட்டு ஒதுங்குனா. தல நிமித்தி, நாதஸ்வரம் மூச்சு விட்ட எடைவெளி பாத்து, ஒரே ஒரு கொல.

"சேந்தாச்சுடா!"

சடையன் காதுல அது தெளிவா விழுந்துச்சு. உள்ள திரும்பிப் பாத்தான். வேலாயுதம் இருக்கான். யாழினி இருக்கா. அவன் நெஞ்ச நிமித்தி ஒரு தடவ கொலைச்சான். அப்பறம் தட்டுகிட்ட போனான். கொழுக்கட்ட மூஞ்சி அதுக்குள்ள தட்டுல இருந்துச்சு. "மாப்ள, நகருங்க"ன்னான் மரியாதையா. பூன நகந்துச்சு. சடையன் தின்னான். களியத் தின்னான். எலும்பக் கடிச்ச சத்தம் சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு.

யாழினி ஓடி வந்தா. "அப்பா! சாப்புடறான்! வியாழக்கெழம சாப்புடறான்!"

வேலாயுதம் அப்படியே கீழ உக்காந்துட்டான். போன எடுத்தான். "அண்ணே, மன்னிச்சுக்கங்கண்ணே. வண்டி அனுப்பாதீங்க."

கட்டவாலு திரும்பிப் போறப்ப மூளி கடிக்கல. அன்னிக்கு மட்டும். மறுநாள் அதே தைரியத்துல அவன் ஒரு மீன் தலையத் தேடிக்கிட்டு எல்லயத் தாண்டுனான். ஓட ஓட வெரட்டிட்டா. ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு ஆறு தெருவுலயும் கொரலு வரிசையா வந்துச்சு. அன்னிலேருந்து தெனமும் வருது. இந்த நாய்ங்க ஏன் ஏழு மணியானா ஒண்ணு மாத்தி ஒண்ணு கத்துதுன்னு தெருக்காரங்க சலிச்சுக்குவாங்க. சடையன் ரெண்டே மாசத்துல மினுமினுன்னு தேறிட்டான். கொழுக்கட்டதான் எளச்சுப் போச்சு. இப்ப அது சன்ஷேடுல ஏறுறப்ப மூச்சு வாங்கறதில்ல, அதுவும் நல்லதுக்குத்தான்.

வீட்ல என்ன பேசிக்கிட்டாங்க தெரியுமா? "பூச்சி மாத்தர இப்பதான் வேல செய்யுது"ன்னான் வேலாயுதம். "ஊர்க் கூழுதான் சேந்துச்சு"ன்னா பூங்கோத. "நான் கட்டுன ரிப்பன்!"ன்னா யாழினி. ஏ.சி. பொட்டி மேல பொண்டாட்டிப் புறா புருசன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்துச்சு: "எல்லாம் அன்னிக்கு நான் வெச்ச பச்சரிசிங்க!" சடையன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தான். மறுத்துப் பேசல. வயிறு நெறஞ்சவனுக்கு எதுக்கு அந்த வம்பு?

ஒருத்தருக்கு ஒத்தாச பண்ண ஆசப்பட்டா, நம்மகிட்ட இருக்கறத எடுத்து நீட்டறதுக்கு முன்னாடி, அவங்களுக்கு எது கொறயுதுன்னு அவங்களையே கேக்கணும்.

ஏ அன்னக்கொடி, கத முடிஞ்சுது! தூறல் விழறது காதுல விழலியா? மொட்ட மாடில மெத்த காயுது பாரு, ஓடிப் போய் உள்ள இழுத்துட்டு வா!